அந்த இரண்டு மாத்திரை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். இருதய வார்டில் செவிலியராக இருக்கிறேன். இருதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "சிஸ்டர், தலைக்கு எப்போ ஊத்தலாம்?" கட்டுப் பிரித்த பிறகு தாராளமாகக் குளியுங்கள். குளத்தில் முங்குவது மட்டும் புண் ஆறும்வரை வேண்டாம். மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் வைத்திருந்தால் அந்தக் கையால் சில நாள் குடம் தூக்காதீர்கள். தொடை வழியாக வைத்திருந்தால் குந்தி உட்காரவும் வேண்டாம். அந்த இடத்தில் ரத்தம் கசிந்தாலோ புடைத்தாலோ படுத்துக்கொண்டு பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்கவில்லையா, 108.

யாரும் கேட்காதது மாத்திரையைப் பற்றி. ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை. புதுக் கம்பியில் ரத்தம் உறைந்து ஒட்டப் பார்க்கும். குழாயின் உள்தோல் அதன்மேல் வளர்ந்து மூடச் சில மாதம் ஆகும். அதுவரை காவலுக்குத்தான் ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரிலாரும். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருடம்.

ஒரு பெரியவர். ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கடைவாய்ப் பல்லில் வலி. பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது, மாத்திரையை நிறுத்து என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் எப்போதும் ஒரு டாக்டர் இருப்பார், படிக்காதவர்! இவரும் இரண்டையும் நிறுத்திவிட்டார். அந்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்களிடமே வந்தார். அதே ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி வார்டில் போட்ட சத்தம் மற்ற கட்டில்காரர்களுக்கும் சேர்த்துப் பாடமாக இருந்தது. பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே பல் எடுக்கலாம், ரத்தத்தை அங்கேயே கட்டுப்படுத்தலாம். பல் டாக்டரிடம் ஸ்டென்ட் இருப்பதைச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை இருதய டாக்டர் சொல்லட்டும். மறுபடியும் சொல்கிறேன், இருதய டாக்டர்.

ஊருக்குக் கல்யாணத்துக்குப் போகும்போதும் மாத்திரை அட்டையைப் பையில் வையுங்கள். டிகாக்ரிலாரில் சிலருக்கு மூச்சு வாங்கும். டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார். மூட்டு வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கேட்டு வாங்காதீர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

உப்பு, நடை, பீடி சிகரெட் என்று எழுதி வந்திருந்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, பீடி சிகரெட் இன்றோடு விடுங்கள், மெதுவாக நடக்கத் தொடங்குங்கள். மறுபடி நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். 108 கூப்பிடுங்கள், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வணக்கம்.