மெயினை இறக்கிப் பாருங்கள்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் குன்னூர்க்காரன். லிஃப்ட் பராமரிப்புதான் தொழில். இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

ஒரு மார்கழி விடியற்காலையில் உதகை விடுதி ஒன்றிலிருந்து போன் வந்தது. கரண்ட் போய், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே மூட்டுவலிக்காரப் பாட்டியும் பேத்தியும். குன்னூரிலிருந்து உதகை 20 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அன்றைய மூடுபனியில் நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தபோது பாட்டி தரையில் உட்கார்ந்திருந்தார். பேத்தி தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் காலில் சுற்றியிருந்தாள்.

அந்த லிஃப்டில் ஏ.ஆர்.டி. இல்லாமல் இல்லை. கரண்ட் போனதும் பேட்டரியில் ஓடி, லிஃப்டை மெதுவாகப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும் பெட்டி அது. நான்கு பேட்டரிகள் வரிசையாக இணைத்திருந்தார்கள். ஒன்றில் டெர்மினல் பூத்துப்போய்ப் பேட்டரியே செத்திருந்தது. வரிசையில் ஒன்று செத்தால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை. அதைக் காட்டும் சிவப்பு விளக்கு மொட்டைமாடி மெஷின் ரூமில் எத்தனை நாளாக எரிந்ததோ, யாரும் ஏறிப் பார்க்கவில்லை.

நம் மலையில் குளிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் திறன் சுமார் 25 டிகிரிக்கு உரியது. உறைபனி விழும் இரவில், பூஜ்யத்தை நெருங்கும்போது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். புது பேட்டரி அதைத் தாங்கும். மூன்று வருடம் ஓடிய பேட்டரி தாங்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி லிஃப்ட் இயக்க உரிமம் வேண்டும். ஆனால் ஆய்வு நாளுக்கும் மார்கழி இரவுக்கும் நடுவில் எத்தனையோ மாதங்கள் இருக்கின்றன. அதனால் மாதம் ஒருமுறை மெயினை இறக்கிப் பாருங்கள். ஆளில்லாத லிஃப்ட் நடுவழியில் இருக்கும்போது இறக்க வேண்டும். ஜெனரேட்டர் தானாகக் கிளம்பாதபடி முதலில் நிறுத்திவிடுங்கள். எந்த சுவிட்சை இறக்குவது என்பதை மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மாட்டிக்கொண்டால்? அறுந்து விழுந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மோட்டார் பிரேக்கைத் திறந்து வைத்திருப்பதே கரண்ட்தான். கரண்ட் போனால் ஸ்பிரிங் பிரேக்கை அழுத்திப் பிடித்துவிடும். அதனால்தான் லிஃப்ட் அப்படியே நிற்கிறது. காற்று வர இடைவெளி உண்டு, மூச்சு முட்டாது. மணியை அடியுங்கள், காத்திருங்கள். ஏ.ஆர்.டி. வேலை செய்து லிஃப்ட் திடீரென்று மேலே போனாலும் பதறாதீர்கள். கம்பிவடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை, கூண்டின் எடையோடு அது தாங்கும் சுமையில் ஏறத்தாழ பாதியையும் சேர்த்தது. ஆள் குறைவென்றால் கூண்டு மேலே போவதுதான் பேட்டரிக்குச் சுலபம்.

கதவை மட்டும் நெம்பித் திறக்காதீர்கள். வெளியிலிருந்து உதவ வருகிறவர்களுக்கும் இதையே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். கூண்டுக்கும் மாடித் தளத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகக் குழிக்குள் விழுந்துதான் உயிர்கள் போகின்றன. இன்னொன்று, தீப்பிடித்தால் லிஃப்ட் பக்கமே போகாதீர்கள். ஏ.ஆர்.டி. அதற்கானது அல்ல.

அந்த விடுதியில் இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை, விடியற்காலை ஆறு மணிக்கு, குளிர் விலகுவதற்கு முன்பே மெயினை இறக்குகிறார்கள். லிஃப்ட் ஒரு மாடியில் வந்து நின்று கதவு திறக்கும்வரை வாட்ச்மேன் டார்ச்சோடு படிக்கட்டில் நிற்கிறார். அப்புறம்தான் எனக்கு போன் செய்கிறார்.