வந்தியத்தேவன் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வட்டாட்சியர் ஐயா அவர்களே, மைக் செட்டுக்கும் டீக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் கால்வாசியை எடுத்துக்கொண்ட புலவர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்தக் காட்பாடிப் புழுக்கத்தில் அதை மடித்து வைத்துக்கொள்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'பொன்னியின் செல்வன்' படத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நடிகர்கள், தயாரிப்பு, வரலாறு என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

விக்ரம் ஆதித்த கரிகாலன், ஜெயம் ரவி அருள்மொழி, திரிஷா குந்தவை, ஐஸ்வர்யா ராய் நந்தினி. உங்களுக்குத் தெரியாததா? என் ஓட்டு கார்த்திக்குத்தான். அவர் ஏற்ற வந்தியத்தேவன் வாணர் என்ற பழைய அரச குலத்துப் பிள்ளை. வாணர்களின் ஊர் எது? இதோ, பக்கத்தில் இருக்கிற திருவல்லம்!

கல்கி 1950இல் தொடங்கிய தொடர்கதை. எம்.ஜி.ஆர். உரிமை வாங்கியும் படமாகவில்லை. மணிரத்னம்தான் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாகக் கொண்டுவந்தார். தோட்டா தரணி அரங்கம் போட்டார், ரவி வர்மன் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கினார். படப்பிடிப்புக்குத் தாய்லாந்து வரை போனார்கள். போகட்டும், அது அவர்கள் தொழில். ஆனால் நாம்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம்!

என் மச்சான் திருவல்லத்துக்காரர். படம் பார்த்த கையோடு வேன் பிடித்து, மாமியார், பேரப்பிள்ளைகள், புளிசாதத் தூக்கு சகிதம் தஞ்சாவூருக்குக் கிளம்பிவிட்டார். வழியில் டயர் பஞ்சர், சின்னவனுக்கு வாந்தி. பெரிய கோயிலில் கைடு ஒருவரை அமர்த்தினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர் சார்?" இவர் இழுத்தார்: "வேலூர் பக்கம்... திருவல்லம்னு ஒரு சின்ன ஊர்." கைடு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வந்தியத்தேவன் ஊரா! நீங்கதானே சார் எனக்குச் சொல்லணும்!" என்று அவரே செல்ஃபி எடுத்துக்கொண்டார். மாமியார் மெதுவாகக் கேட்டாராம்: "இதை வேன் வாடகை கொடுக்கறதுக்கு முன்னாடியே யாரும் சொல்லக்கூடாதா?"

சிரியுங்கள். ஆனால் அந்தம்மா கேட்டது நியாயம்.

வரலாற்றுக்கு வருகிறேன். 949இல் சோழ இளவரசர் ராஜாதித்தர் இராஷ்டிரகூடரோடு போரிட்டு, யானை மேலேயே உயிர்விட்ட தக்கோலம் எங்கே இருக்கிறது? அரக்கோணம் பக்கத்தில். அவர் தம்பி அரிஞ்சயர், அருள்மொழிக்குத் தாத்தா. அரியணை ஏறி ராஜராஜனான பிறகு, அந்தத் தாத்தாவுக்குப் பேரன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது சமாதிக் கோயில், பொன்னையாற்றங்கரையில், மேல்பாடியில் நிற்கிறது. 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்', அதாவது ஆற்றூரில் இறந்த அரசர், என்று அவரைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. போளூர் பக்கம் திருமலையில் குந்தவை பெயரிலேயே ஒரு ஜினாலயம், சமணக் கோயில். படத்தில் வந்த குடும்பம் பாதி நம் பழைய வடஆற்காட்டில்தான் இருக்கிறது! வெண்ணெய் நம் கையில்தான் ஐயா!

வட்டாட்சியர் ஐயா எதிரில் இருப்பதால் கேட்டுவிடுகிறேன். காட்பாடி ரயில் நிலைய வாசலில், மேல்பாடி, திருவல்லம் என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு ஊரையும் சுற்றிக்காட்ட ஒரு பேருந்து. வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்களும், தங்கக் கோயிலுக்கு வருகிறவர்களும் இறங்குகிற நிலையம் இது, கூட்டத்துக்குக் குறைவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். மனு வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.