ஜான் வில்லியம்ஸ்: பேராசிரியர் எழுதிய பேராசிரியரின் கதை

அவையோருக்கு வணக்கம்.

ஜான் வில்லியம்ஸ் 1922-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்து இந்தியா, பர்மா பக்கம் பணியாற்றினார். முதல் நாவலை எழுதத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். பிறகு டென்வரில் படிப்பு, மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1954-இல் முனைவர் பட்டம். அடுத்த ஆண்டு டென்வருக்கே ஆங்கிலப் பேராசிரியராகத் திரும்பி, 1985-இல் ஓய்வுபெறும்வரை அங்கேயே கற்பித்தார். ஆங்கில மறுமலர்ச்சிக் கவிதைகளைத் தொகுத்தார். 'டென்வர் குவார்ட்டர்லி' இதழை நிறுவினார். அவர் எழுதி முடித்த நாவல்கள் நான்கே நான்கு.

அவற்றில் 1965-இல் வந்த 'ஸ்டோனர்' பற்றித்தான் இன்று விரிவாகப் பேச வேண்டும். முதல் பத்தியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்: ஸ்டோனர் 1910-இல் கல்லூரியில் சேர்ந்தார், உதவிப் பேராசிரியருக்கு மேல் உயரவில்லை, 1956-இல் இறந்தார், மாணவர்களில் சிலரே அவரை நினைவில் வைத்திருந்தனர். இதற்கு மேல் எதற்காகப் படிக்க வேண்டும்? 'என்ன ஆகும்' என்ற கேள்வியை அவரே எடுத்துவிடுவதால், 'எப்படி ஆயிற்று' என்பதில் நம் கவனம் முழுவதும் குவிகிறது.

இந்த எளிமையைப் பின்பற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் வாழ்க்கைக் குறிப்பு எழுதி முடித்துவிடுகிறார்கள். வில்லியம்ஸ் ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டுவார். ஆனால் தேவையான இடத்தில் நின்றுவிடுவார். வாக்கர் என்ற ஆய்வு மாணவனின் வாய்மொழித் தேர்வைப் பாருங்கள். பேச்சுத் திறமை நிறைய உண்டு, அடிப்படைக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. ஸ்டோனர் தேர்ச்சி தர மறுக்கிறார். வாக்கரை ஆதரித்த சக பேராசிரியர் லோமாக்ஸ் துறைத்தலைவரானதும், முதலாண்டு வகுப்புகளையும் ஒவ்வாத நேரங்களையும் ஸ்டோனர் தலையில் கட்டி, ஆண்டுக்கணக்கில் பழிதீர்க்கிறார். ஒரு கால அட்டவணையை ஆயுதமாக்கலாம் என்பது கல்லூரிக்குள் வாழ்ந்தவருக்குத்தான் தெரியும். என் கணிப்பில் நாவலின் உச்சம் இந்தத் தேர்வுக் காட்சிதான். காதல் அத்தியாயங்கள்கூட அதற்கு அடுத்ததே.

அன்று அந்தப் புத்தகம் ஏறத்தாழ 2,000 பிரதிகளே விற்றது. ரோமப் பேரரசரைப் பற்றிய 'அகஸ்டஸ்' 1973-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை ஜான் பார்த்தின் நாவலோடு பகிர்ந்துகொண்டது. அது முழுக்கக் கடிதங்களும் குறிப்பேடுகளுமாகக் கட்டப்பட்டது. மற்றவர்களெல்லாம் அகஸ்டஸைப் பற்றிப் பேசி ஓய்ந்த பிறகு, கடைசியில்தான் அவர் தன் குரலில் பேசுகிறார்.

வில்லியம்ஸ் 1994-இல் காலமானார். 'ஸ்டோனர்' 2006-இல் நியூயார்க்கில் மறுபதிப்பானது. 2011-இல் நாவலாசிரியை அன்னா கவால்டா அதைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். அதன் பிறகே ஐரோப்பாவில் லட்சக்கணக்கான கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. புதிதாகப் படிப்பவர்கள் 'ஸ்டோனரி'லிருந்து தொடங்குங்கள். 'அகஸ்டஸை' அடுத்துப் படியுங்கள்.