டார்ச்சை இப்படிப் பிடிச்சாதான் 4,000 வருஷக் கோடரி தெரியும்! ஸ்காட்லாந்தின் கில்மார்ட்டின் கிராமம்

[திரையில்: இருட்டு. ஒரு கற்பலகை. டார்ச் வெளிச்சம் நேராக விழுகிறது.]

இந்தக் கல்லைப் பாருங்க. டார்ச் நேரா அடிக்குது. என்ன தெரியுது? சாம்பல் நிறம், கொஞ்சம் சொரசொரப்பு. அவ்வளவுதான். இப்போ அதே டார்ச்சைக் கல்லோட ஓரத்துக்குக் கொண்டுபோய், கல்லை உரசுற மாதிரி படுக்கப் பிடிக்கிறோம்.

[திரையில்: வெளிச்சம் பக்கவாட்டில். உருவங்கள் மேலெழும்புகின்றன.]

எண்ணிக்கிட்டே வாங்க. பத்துக் கோடரித் தலை. அதுங்களுக்கு நடுவுல நாற்பது வாக்குல சின்னச் சின்னக் குழி. பிடி இல்லாத, வாய் அகலமா வளைஞ்ச வெண்கலக் கோடரி. செதுக்கி ஏறக்குறைய 4,000 வருஷம் ஆச்சு. இது ஒரு கல்லறையோட மூடிக்கல். இது இருக்கிற ஊர் பேரு கில்மார்ட்டின், ஸ்காட்லாந்தோட மேற்குக் கரையில, ஆர்கைல் பகுதியில. ஒரு தேவாலயம், ஒரு அருங்காட்சியகம், ஒரு தெரு. சுத்தி ஆறு மைலுக்குள்ள 800-க்கும் மேல பழைய சின்னங்கள்!

பின்னணியை வேகமா முடிச்சிடலாம். ஓபன் ஊர்ல இருந்து லாக்கில்ப்ஹெட் போற ஏ816 சாலையில இருக்கு. பஸ் உண்டு, ஆனா ஒரு நாளைக்குச் சில தடவைதான். அதனால திரும்பி வர்ற பஸ் நேரத்தைப் பார்த்துக்கிட்டுக் கிளம்புங்க. இந்த வீடியோவுல வர்ற கற்சின்னங்களுக்கு டிக்கெட் கிடையாது. வேலைப்பாடான பழைய கல்லறைக் கற்கள் தேவாலய வளாகத்துல இருக்கு, வாளோட நிக்கிற வீரர்களை அங்க பார்க்கலாம். வடக்கே கார்னாசரி கோட்டை, 1567-ல கேலிக்ல, அதாவது ஸ்காட்லாந்தோட பழைய மொழியில, முதல் அச்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்த ஜான் கார்ஸ்வெல் கட்டினது. சரி, கல்லுக்குப் போவோம்.

[திரையில்: பள்ளத்தாக்கின் வரைபடம். ஐந்து புள்ளிகள் ஒரே கோட்டில்.]

ஊரை ஒட்டி ஆரம்பிச்சு, சுமார் ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரே வரிசையில அஞ்சு கற்குவைகள், அதாவது கல்லறை மேல குவிச்ச கல்மேடுகள். கிளீப், நெதர் லார்கி வடக்கு, நடு, தெற்கு, கடைசியா ரீ க்ரூன். இதுல தெற்கு கற்குவைதான் மூத்தது, 5,000 வருஷத்துக்கு மேல. குனிஞ்சு உள்ளே போகலாம். பக்கத்துலயே டெம்பிள் உட் கல்வட்டம். அதுல ஒரு கல்லுல மட்டும் சுருள் கோடு இருக்கு, கல்லோட ஒரு முகத்துல தொடங்கி மூலை திரும்பி அடுத்த முகத்துக்குப் போகுது. எல்லாம் சமதளம். போக வர அஞ்சாறு கிலோமீட்டர். குழந்தைங்க, வயசானவங்க எல்லாரும் நடக்கலாம். மழை பெய்ஞ்சா புல்தரை சொதசொதன்னு ஆயிடும், கேன்வாஸ் ஷூ வேண்டாம்.

முதல்ல பார்த்த கோடரிக் கல் நெதர் லார்கி வடக்குல இருக்கு. கற்குவை மேல ஏறினா, நகர்த்தித் திறக்கிற மூடி ஒண்ணு. கீழே இறங்கினா சின்ன அறை. பலர் உள்ளே போய், போன்ல ஃபிளாஷ் அடிச்சு ஒரு படம் எடுத்துட்டு, ஒண்ணுமே இல்லைன்னு வெளியே வந்துடுறாங்க. காரணம் ரொம்ப எளிமை. ஃபிளாஷ் கேமராவுக்குப் பக்கத்துலயே இருக்கு, நீங்க பார்க்கிற திசையிலயே வெளிச்சம் போகுது. பள்ளத்துக்குள்ளயும் வெளிச்சம், மேட்டு மேலயும் வெளிச்சம். நிழலே விழாது. நிழல் இல்லைன்னா கண்ணுக்கு ஆழம் தெரியாது. இந்தச் செதுக்கல் எல்லாம் ரொம்ப மேலோட்டமானது, உளி வச்சு வெட்டினது இல்ல, கெட்டியான கல்லால கொத்திக் கொத்தி எடுத்தது.

செய்ய வேண்டியது இதுதான். ஃபிளாஷை அணைச்சிடுங்க. படம் எடுக்கிறவர் ஒருத்தர், வெளிச்சம் பிடிக்கிறவர் இன்னொருத்தர். டார்ச் ஒரு கை நீளம் தள்ளி, கல்லோட பரப்புக்குப் பத்துப் பதினைஞ்சு டிகிரிக்குள்ள சாய்ஞ்சிருக்கணும். அப்படியே மெதுவா கல்லைச் சுத்தி நகர்த்துங்க. இடப்பக்கம் இருந்து அடிக்கும்போது காணாம போற கோடு, மேல இருந்து அடிச்சா பளிச்சுன்னு வரும், ஏன்னா வெளிச்சம் போற திசையிலயே ஓடுற கோட்டுக்கு நிழல் கிடையாது. அதனால நாலு பக்கம் இருந்தும் ஒவ்வொரு படம் எடுங்க. போன் தானா வெளிச்சத்தை ஏத்தி இறக்கும், திரையை அழுத்திப் பிடிச்சு அந்த வெளிச்ச அளவைப் பூட்டிடுங்க. அளவு தெரிய ஒரு நாணயம் வைக்கணும்னா செதுக்கலுக்குப் பக்கத்துல வைங்க, மேல வேண்டாம்.

இன்னொண்ணு, இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். சாக்பீஸ் போட்டுக் கோடு வரையாதீங்க. பாசியைச் சுரண்டாதீங்க. பாசியோட சேர்ந்து கல்லோட மேல்தோலும் உரிஞ்சு வந்துடும். நாலாயிரம் வருஷ மழை அழிக்காததை ஒரு கம்பி பிரஷ் அஞ்சு நிமிஷத்துல அழிச்சிடும்.

[திரையில்: காட்டுப் பாதை. பிறகு பெரிய சாய்ந்த பாறை.]

இப்போ டார்ச் எட்டாத இடம். அக்னாபிரெக். லாக்கில்ப்ஹெட் பக்கம், காட்டு வழியா கொஞ்ச நேரம் ஏறணும். திறந்த வெளியில விரிஞ்சு கிடக்கிற பாறை. ஒரு குழி, அதைச் சுத்தி வளையம், அதைச் சுத்தி இன்னொரு வளையம், தண்ணியில கல்லு போட்ட மாதிரி. பெரிய வளையம் குறுக்குவாட்டுல ஏறக்குறைய ஒரு மீட்டர். பிரிட்டன்லயே இவ்வளவு செறிவான பாறைச் செதுக்கல் அபூர்வம். எதுக்குச் செதுக்கினாங்க? உறுதியான பதில் யார்கிட்டயும் இல்ல. உங்களுக்கு என்ன தோணுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க.

இங்க டார்ச் வேலையைச் சூரியன் செய்யணும். ஜூன் மாசம் நடுப்பகல்ல போனீங்கன்னா, இந்த அட்சரேகையில சூரியன் 57 டிகிரி உயரத்துல நிக்கும். பாறை தட்டையா, வெறுமையா தெரியும். அப்போ ஜூன்ல விடிகாலையிலயோ சாயங்காலமோ போலாமே? போலாம். ஆனா அந்த நேரம் மிட்ஜோட நேரம்.

மிட்ஜ்னா கொசுவை விடப் பொடிசான ஒரு கடிப்பூச்சி. மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும், காத்து அசையாத காலையிலயும் அந்தியிலயும் மேகம் மாதிரி மொய்க்கும். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்துல காத்து வீசினா அதால பறக்க முடியாது. செதுக்கல் பார்க்கிறதுன்னா அசையாம நிக்கணும், அதுவும் நிழலான காட்டுக்குப் பக்கத்துல. பத்து நிமிஷம் தாங்க மாட்டீங்க. தலைக்கு வலை போட்டா சமாளிக்கலாம், ஆனா வலை வழியா மெல்லிசான நிழல் சரியா தெரியாது.

அதனால என் தீர்ப்பு: அக்டோபர் நடுவுல போங்க. அப்போ உச்சி வெயில்லயே சூரியன் 25 டிகிரிதான் ஏறும், மிட்ஜ் அடங்கியிருக்கும். சூரியன் மறையறதும் ஆறு மணி வாக்குலதான், காத்திருந்து ராத்திரி ஆக வேண்டியதில்ல. மழை விட்டு வெயில் அடிக்கிற அந்தக் கால் மணி நேரம்தான் உச்சம். குழியில தண்ணி நிக்கும், ஈரப்பாறை கறுத்திருக்கும், ஒவ்வொரு வளையமும் தனித்தனியா தெரியும். ஏப்ரல் தொடக்கமும் நல்லதுதான். ஆனா ஆட்டுக்குட்டி பிறக்கிற காலம், நாயைக் கயித்துல பிடிச்சுக்கணும். 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்துல பெரும்பாலான நிலத்துல யாரும் நடக்கலாம், பொறுப்பா நடந்துக்கணும்கிறதும் அதே சட்டத்துல இருக்கு.

[திரையில்: சமவெளி நடுவே தனியாக நிற்கும் பாறைக் குன்று.]

இது டனாட். வெறும் 54 மீட்டர் உயரம். சுத்தி மொய்ன் வோர், அதாவது பெரிய சதுப்பு. ஆறாம் நூற்றாண்டுல இருந்து டால் ரியாட்டாங்கிற கேலிக் அரசோட முக்கியக் கோட்டை இது. 683-ல இதை முற்றுகை போட்டதாவும், 736-ல பிக்ட்டுங்கிற ஸ்காட்லாந்தோட பழைய இனத்து அரசன் பிடிச்சதாவும் அயர்லாந்து ஆண்டுக்குறிப்பு சொல்லுது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறையில ஒரு காலடித் தடம். புது அரசன் இதுல கால் வச்சுத்தான் பட்டம் ஏத்துக்கிட்டான்னு கருதுறாங்க. இப்போ நீங்க பார்க்கிறது மேல பொருத்தின நகல். அசல் அதுக்கு அடியில பத்திரமா இருக்கு.

எல்லாரும் காலடியைப் படம் எடுப்பாங்க. எனக்கு அதை விடப் பிடிச்சது இந்தக் கோட்டை அகழாய்வுல கிடைச்ச ஒரு துணுக்கு. மஞ்சள் நிறக் கனிமம். நம்ம தமிழ்ல அதுக்குப் பேரு அரிதாரம். ஆமா, அரிதாரம் பூசுறதுன்னு சொல்றோமே, அந்தச் சொல்லுக்கு மூலமான அதே மஞ்சள் கல்தான். அந்தக் காலத்துல கையெழுத்துச் சுவடிகள்ல தங்கம் மாதிரி மின்ன வைக்க இதைத்தான் பூசினாங்க. ஸ்காட்லாந்துல இது கிடைக்காது, மத்தியதரைக்கடல் பக்கம் இருந்து வந்திருக்கணும். அதுகூட பிரான்ஸ் பக்கத்துப் பானை ஓடுகள், நகை வார்க்கிற அச்சுகள். மழை கொட்டுற, சதுப்பு சூழ்ந்த இந்தக் குன்றுக்குக் கப்பல்ல வண்ணம் வந்திருக்கு! அந்தத் துணுக்கை நினைச்சுக்கிட்டு ஏறுங்க, அப்புறம் இது உங்களுக்கு வெறும் பாறையா இருக்காது.

ஏற இருபது நிமிஷம். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் வழுக்கும். ஈரப்புல்லுக்கு நடுவுல வழவழன்னு பாறை நீட்டிக்கிட்டு இருக்கும். பக்கவாட்டா, சின்னச் சின்ன எட்டு வச்சு இறங்குங்க.

சைக்கிள் வேணும்னா க்ரினன் கால்வாய். 1801-ல திறந்தது, 14 கிலோமீட்டர், 15 லாக், அதாவது தண்ணி மட்டத்தைக் கூட்டிக் குறைச்சுப் படகை ஏத்தி இறக்குற மதகு. கரைப்பாதை சமதளம். பெல்லனாக்ல இருந்து க்ரினன் வரைக்குமான துண்டு மட்டும் போதும், ஒரு பக்கம் நன்னீர்க் கால்வாய், மறுபக்கம் கீழே கடல் வாய்.

புல்லுல நடந்த அன்னிக்கு ராத்திரி உண்ணி இருக்கான்னு பாருங்க. முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள். லைம் நோயைப் பரப்புறது அதுதான். நுனி மெல்லிசான இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க. எண்ணெய் வைக்கிறது, நெருப்பு வைக்கிறது எல்லாம் வேண்டாம். பின்னால வட்டமா சிவப்பு படர்ந்தா டாக்டரைப் பாருங்க.

[திரையில்: அந்தி. அசையாத ஏரி.]

ஒரு சாயங்காலத்தை நாப்டேல் காட்டுக்கு ஒதுக்குங்க. ஸ்காட்லாந்துல சுமார் 400 வருஷமா இல்லாம போன பீவரை, அதாவது மரத்தைக் கடிச்சுத் தண்ணியில அணை கட்டுற விலங்கை, 2009-ல நார்வேயில இருந்து கொண்டுவந்து இங்கதான் விட்டாங்க. அதுங்க கட்டின அணையால டூ ஏரி முன்னைவிடப் பெரிசாயிடுச்சு. பென்சில் சீவின மாதிரி கடிச்ச மரத்தண்டு பகல்லயே கிடைக்கும். பீவரையே பார்க்கணும்னா இருட்டுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய், காத்து உங்க முகத்துல அடிக்கிற பக்கமா உட்காருங்க, உங்க வாசனை அதுக்குப் போகக் கூடாது. பேசாதீங்க. தண்ணியில அம்பு முனை மாதிரி ஒரு கோடு நகரும். அந்த முனையில ஈரமா ஒரு தலை தெரிஞ்சா, அதுதான்.