காட்டு மண்ணில் காபன் கூடினால் கைதட்டலாமா?

(திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான ஆசிரியர்களே, மாணவர்களே,

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். ஆனாலும் அந்த வாயுவை எந்த மரமும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவு என்ற இடத்தில், காற்று நைதரசனை அமோனியாவாக்கும் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. கந்தளாய் வயலில் விழும் யூரியாவும் அதே வழியில் பிறந்ததுதான். வயலில் எழும் அமோனியாவும், வாகனங்களும் அனல்மின் நிலையங்களும் கக்கும் நைதரசன் ஒட்சைட்டுகளும் மழையோடும் தூசியோடும் காட்டில் இறங்குகின்றன. நாம் பசளை இடாத காட்டுக்கு வானம் பசளை இடுகிறது.

"நல்லதுதானே, மரம் செழிக்குமே!" என்பீர்கள். குளிர்நாட்டுக் காடுகள் பலவற்றில் ஓரளவுக்குச் செழிக்கவும் செய்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்ட் காட்டில் 1988 முதல் ஆண்டுதோறும் ஹெக்டேயருக்கு 50, 150 கிலோ என இரண்டு அளவுகளில் நைதரசன் இட்டுப் பார்த்தார்கள். இருபது ஆண்டுகளில் அகன்ற இலை மரங்களின் கீழே மண்ணில் காபன் கூடியது. பைன் மரப் பகுதியிலோ, கூடுதலாக இட்ட இடத்தில் மரங்கள் பட்டுப்போயின.

மண்ணில் தங்கும் காபன், புவியைச் சூடாக்கும் காபனீரொட்சைட்டாகக் காற்றுக்குப் போகாது என்று கைதட்டத் தோன்றும். ஆனால் அது ஏன் கூடியது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை உடைப்பது பங்கசுகளின் கடினமான வேலை. அதற்குள் சிக்கிய நைதரசனும் அவற்றுக்குக் கிடைக்கும் கூலிகளில் ஒன்று. வாசலுக்கே சோறு வந்துவிட்டால் யார் மினக்கெட்டு அடுப்பு மூட்டுவார்? உடைக்கும் நொதியங்கள் குறைகின்றன, சருகு உக்காமல் தேங்குகிறது. மரமும் வேருக்கும் வேரோடு வாழும் பங்கசுகளுக்கும் அனுப்பும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்கிறது. மண் அமிலமாகி, கல்சியமும் மக்னீசியமும் கழுவுண்டு போகின்றன. மண்ணின் வேலை நின்றதால் மிஞ்சிய காபனைச் சேமிப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. களிமண் துணிக்கைகளோடு ஒட்டிய காபன் நெடுங்காலம் தங்கும். மேலே தளர்வாகக் கிடக்கும் சருகுத்தூளுக்கு ஒரு காட்டுத்தீ போதும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும் நம் உலர்காடு எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹார்வர்ட் கணக்கை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. வெப்பமண்டலக் காடுகள் பலவற்றில் நைதரசனைவிடப் பொசுபரசுதான் தட்டுப்பாடு. அங்கே மிகையான நைதரசன் மரமாக மாறாமல், நைத்திரேற்றாக நீரில் கசிகிறது. அல்லது நைதரசு ஒட்சைட்டாக வானேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அந்த வாயு, அதே எடைக் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடாக்கும்.

நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாக்குவோம் என்று 2019இல் பல நாடுகள் கூடிக் கொழும்புப் பிரகடனம் எழுதின. 2021இல் நம் அரசு இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடைசெய்து, அதே ஆண்டில் தடையை நீக்கவும் செய்தது. விரயத்தைக் குறைப்பது வேறு, விவசாயியின் கையைக் கட்டுவது வேறு. தேங்கிய நீரில் வெயில் நேரத்தில் யூரியாவை வீசினால் கணிசமான பங்கு அமோனியாவாகப் பறந்துவிடும். மண்ணோடு கலந்து, பல தடவையாகப் பிரித்து இட்டால் பயிருக்குச் சேரும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடை மழை தொடங்கும் முன்னும் பின்னும், வயலை அடுத்த காட்டோரத்திலும் காட்டின் உள்ளேயும் மண் எடுத்து, அமிலத்தன்மையை அளக்கச் சொல்லுங்கள். காட்டுக்குள் போக வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சருகையும் மண்ணையும் ஒரே பையில் போட்டுவிடாதீர்கள்.