செய்தவரைக் கேட்காமல் பொருள் ஏது?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அக்கா, அண்ணன்மார்களே, பினாங்குத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

சொல்லுக்கும் கலைக்கும் செயலுக்கும் பொருள் தருபவர் செய்தவரா, பார்ப்பவரா? இதுதான் இன்றைய கேள்வி. பார்ப்பவர்தான் என்று அடித்துப் பேசிவிட்டு அமர்ந்தார் எதிரணித் தலைவி. சாட்சிக்கு நம் ஆர்மீனியன் தெருவையே அழைத்தார். அங்கே சுவரில் சைக்கிளோடு இருக்கும் சிறுமியையும் சிறுவனையும் ஏர்னஸ்ட் சகாரெவிச் 2012-இல் வரைந்தார். வருகிறவர்கள் ஆளுக்கொரு விதமாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களாம், அதனால் ஓவியம் அவர்களுடையதாகிவிட்டதாம். அக்கா, பிள்ளைகள்தாம் ஓவியம், சைக்கிள் நிஜம். அதைச் சுவரோடு பொருத்திவைத்து, "வா, நீயும் சேர்ந்துகொள்" என்று நம்மைக் கூப்பிட்டவரே ஓவியர்தானே!

அடுத்து, குறளுக்குப் பதின்மர் உரை, ஆளுக்கொரு பொருள் என்றார். பரிமேலழகரைப் புரட்டிப் பாருங்கள். "என்று உரைப்பாரும் உளர்" என்று மற்றவர் உரையை எடுத்துவைத்து, அது ஏன் பொருந்தாது என்று வழக்காடுகிறார். அவரவர் கண்டது அவரவர்க்குச் சரி என்றால் அந்த வழக்கு எதற்கு? வள்ளுவரை எழுப்பிக் கேட்க முடியாது. அதனால்தான் இலக்கணத்தைத் துருவினார்கள், முன்னும் பின்னும் நிற்கும் குறள்களோடு ஒட்டிப் பார்த்தார்கள். பத்துப் பேரும் தேடியது ஒருவருடைய உள்ளத்தை. வள்ளுவரும் குறிப்பறிதலுக்கு இரண்டு அதிகாரம் ஒதுக்கினார். 71-ஆவதில் மன்னனின் முகம், 110-ஆவதில் காதலியின் கண். இரண்டிலும் குறிப்பு எதிரே இருப்பவருடையது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் அலகு குத்தி நிற்பவரைப் பார்த்து, ஐயோ வதை என்று பதறுகிறார் ஒரு வெளிநாட்டுப் பயணி. தாயின் உயிருக்காக நேர்ந்துகொண்டு விரதமிருந்து வந்தவருக்கு அது நன்றிக்கடன். யார் சொல்வதை எழுதிக்கொள்வீர்கள்?

நடுவர் அவர்களே, என்னை உறங்கவிடாதது இன்னொன்று. நம் வீடுகளில் பெரியவர் கண்டிக்கும்போது பிள்ளை தலையைக் குனிய வேண்டும். நிமிர்ந்து பார்த்தால், "என்ன முறைக்கிறே?" என்று இன்னும் இரண்டு விழும். அப்படி வளர்ந்த பையன், பள்ளியில் ஏதோ காணாமல்போன விஷயத்துக்காகக் கட்டொழுங்கு ஆசிரியர் முன்னால் நிற்கிறான். ஆசிரியர் வேறு பழக்கத்தில் வளர்ந்தவர். "ஏன் என் கண்ணைப் பார்க்க மாட்டேன் என்கிறாய்?" என்கிறார். கேட்கக் கேட்க அவன் தலை இன்னும் தாழ்கிறது. அவன் தருவது மரியாதை, அவர் காண்பது திருட்டு. அவனிடமோ அவன் வீட்டிலோ ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் விளங்கியிருக்கும். விசாரிக்காமலே கடிதம் வீட்டுக்குப் போகிறது. அதைப் படிக்கும் அம்மாவுக்கு, தான் சொல்லிக்கொடுத்த பணிவுதான் மகனை மாட்டிவிட்டது என்பதுகூடத் தெரியாது.

அக்கா, பார்ப்பவர் கண்டதே பொருள் என்று தீர்ப்பு வாங்கப் போகிறீர்கள். உங்கள் அணியின் அடுத்த பேச்சாளர் எழுந்ததும் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்: அந்தப் பையன் திருடனா, இல்லையா?