எழுபத்தைந்து, எழுபத்தைந்து, எழுபத்தைந்து

நடுவர் அவர்களுக்கும், குன்னூர்க் குளிரில் இந்நேரம் வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பேர் பெற்ற நிறுவனம் சீரழியப் பெரிதும் காரணம் தொழிலாளரா, நிர்வாகமா? நிர்வாகமே என்பது எங்கள் அணி. தேயிலை மலையில் நின்று பேசுவதால் ஒரு டீ பேக்டரியையே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். சொல்லச் சொல்ல, இது எங்க ஊரு பேக்டரி என்று கோத்தகிரிக்காரரும் நினைப்பார், மஞ்சூர்க்காரரும் நினைப்பார்.

அந்த பேக்டரியில் வேலை என்றால் ஒரு காலத்தில் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். அதன் சங்குச் சத்தத்தில்தான் சுற்றுவட்டார ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், அடுப்பு பற்றும். அங்கே வெட்டிய இலையைப் பதமாக்கும் ஃபெர்மெண்டிங் அறையில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். என் வழக்கு முழுவதும் அந்த நோட்டில் இருக்கிறது.

சிடிசி ரோலர் என்னும் பல் வைத்த உருளைகளில் மூன்று நான்கு முறை வெட்டுப்பட்டு வரும் இலை முதலில் பச்சையாக இருக்கும். பரப்பி வைத்தால் காற்று பட்டுச் செம்பு நிறத்துக்கு வரும். பச்சை வாடை போய்ப் பழ வாசம் எழும். அதுதான் பதம். ஒரு மணி நேரத்திலும் வரும், ஒன்றரை மணி நேரத்திலும் வரும். மார்கழிப் பனியில் தாமதிக்கும், மே மாதத்தில் முந்தும். அதிரசப் பாகுக்கு எத்தனை நிமிடம் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்; தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார். டீத்தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கரும் அப்படித்தான். ஒரு கை அள்ளி, இறுக்கிப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய், 'எடு' என்பார். எடுத்த பிறகுதான் நோட்டில் நிமிடம் எழுதுவார்: 68, 81, 74, 92. அதே கையால் எழுதுவதால் பக்கமெல்லாம் பழுப்புக் கறை. தாள் விறைத்துப் போயிருக்கும்.

இப்போது பத்து வருஷம் கழித்து அதே ஆணியில் தொங்கும் நோட்டைப் புரட்டுங்கள். 75, 75, 75, 75. ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரு கறை கிடையாது. ஷிப்ட் முடிந்ததும் ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதிய நோட்டு அது.

92 எப்படி 75 ஆனது? அங்கேதான் என் வாதம்.

ஏப்ரல், மே மாதம் மழை விழுந்ததும் பச்சைத் தேயிலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கிலோ ஓட்டக்கூடிய பேக்டரி, பதினாறாயிரம் கிலோ வாங்கிப் போடுகிறது. வேண்டாம் என்று சொல்ல மேலே யாருக்கும் மனமில்லை. வாட்டும் தொட்டியில் ஒரு சாண் உயரம் பரப்ப வேண்டிய இலையை இரண்டு சாண் குவிக்கிறார்கள். பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் வாட வேண்டியது, ஏழு மணி நேரத்தில் கீழே இறங்குகிறது. மேல் இலை வாடியிருக்கும், அடியில் ஈரம் சொட்டும். அது ரோலருக்குள் போனால் இழுக்காது, வழியும். ரோலரில் அங்குலத்துக்கு எட்டுப் பல், மழுங்கிவிட்டது. கழற்றித் தீட்ட வேண்டும். தீட்டினால் ஓட்டம் நிற்குமே, சீசன் முடியட்டும் என்கிறார்கள். மழுங்கிய பல் இலையை வெட்டாது, நசுக்கும். நசுங்கினால் சூடேறும். சூடேறினால் பதம் தடுமாறும்.

டீ மேக்கர் போய்ச் சொன்னார்: "சார், ரோலரை மாத்தணும். இந்த இலையை நாளைக்கு ஓட்டுவோம்." முன்பெல்லாம் அவர் அப்படிச் சொன்னால் மெஷின் நிற்கும். வந்த லோடைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். முதலாளி வாய் திறந்ததில்லை. இந்த முறை பதில் வந்தது: "ஓட்டு." இரண்டாம் முறை சொன்னார். மெமோ வந்தது. 75 நிமிடம் என்று உத்தரவு இருக்க, 92 நிமிடம் ஏன் வைத்தீர்கள், எழுத்துப்பூர்வமாக விளக்கம் தரவும்.

இருபத்தைந்து வருஷம் மூக்கால் டீ செய்த மனிதர், அன்று ராத்திரி விளக்கம் எழுதினார். மறுநாள் காலை நோட்டில் 75 எழுதினார்.

பொய் எழுதியது தொழிலாளிதானே என்று எதிரணி கேட்கும். உண்மை எழுதினால் மெமோ என்று அவருக்குப் பாடம் நடத்தியது யார்?

கதை அங்கே முடியவில்லை. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன் டேஸ்டர் ஒவ்வொரு கோப்பையாக உறிஞ்சித் துப்பிப் பார்ப்பார். இந்த பேக்டரி டீயை உறிஞ்சியவர், சாறு மங்கல் என்று எழுதிவிட்டார். விலை இறங்கியது. நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ டீத்தூள் வரும், அதுவும் விலை போகவில்லை. ஆபீஸ் பதறியது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தார்கள். திறந்தார்கள். 75, 75, 75. நோட்டுப்படி எல்லாம் சரி! நோயைச் சொல்ல வேண்டிய நாடியைத் தாங்களே கட்டிவைத்துவிட்டு, வைத்தியம் எங்கே என்று தேடினார்கள்.

1991இல் சோவியத் யூனியன் உடைந்து நீலகிரி டீக்குச் சந்தை போனதே, அதுதான் காரணம் என்றார் எதிரணியில் ஒரு சகோதரி. அந்த அடி எல்லோருக்கும் விழுந்தது. அடி விழுந்த பிறகு யார் ரோலரைத் தீட்டினார்கள், யார் மெமோ அடித்தார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

அடுத்து, எதிரணித் தலைவர் அண்ணன் ஒன்று சொன்னார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். "கொழுந்து பறிக்கிற கையில போன் ஏறுச்சு, தோட்டம் கீழே இறங்குச்சு!" இதை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது.

அண்ணே, அந்தப் போன் எதற்குத் தெரியுமா? காலையில் தேயிலைக்குள் இறங்கும்போது, எந்தச் சரிவில் காட்டெருமை படுத்திருக்கிறது என்று பக்கத்துத் தேயிலைக் காட்டில் இருப்பவர் சொல்ல வேண்டும். இடுப்பளவு செடிக்குள் படுத்திருந்தால் பத்தடியில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தகவல் போனில்தான் வருகிறது. இன்னொன்று. ஐம்பது பெண்கள் வேலை செய்தால் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம். வைத்திருந்தார்கள். தொட்டில் இருந்தது, ஆயா இருந்தார், பால் இருந்தது. ஆயா ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. இன்று அந்தக் கட்டிடத்தில் உர மூட்டை அடுக்கியிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையைத் தோட்டம் கொடுத்த லைன் வீட்டில் பாட்டியிடம் விட்டு வந்தவள், சாப்பிட்டதா என்று கேட்கப் போனை எடுத்தால் அது குற்றமா?

முற்றின இலை பறிக்கிறாள் என்றீர்கள். சீசனில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே செடிக்குக் கை வந்தால்தான் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிடைக்கும். போன ஆளுக்குப் பதில் ஆள் எடுக்காததால் ரவுண்டு இருபது நாள் ஆகிவிட்டது. இலை அவளுக்காகக் காத்திருக்குமா? தராசிலோ சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிவு. மூன்று நேர எடைக்கு ஒன்பது கிலோ போகிறது. மேஸ்திரி இலையைப் புரட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார், கிலோ மட்டும் கேட்கிறார். கிலோவை மட்டும் கேட்டால் கிலோ மட்டும்தான் வரும், அண்ணே.

இரண்டு நிமிட மணி அடித்துவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று.

முப்பது வருஷம் கூடை சுமந்த ஒரு பெண்ணுக்கு, வருஷத்துக்கு 15 நாள் கூலி வீதம் 450 நாள் கூலி கிராஜுவிட்டி. ஓய்வு பெற்ற 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். முன்பு ஓய்வு பெறும் நாளிலேயே மாலை போட்டு, கவரைக் கையில் கொடுத்து, ஜீப்பில் வீடு வரை கொண்டுபோய் விட்டார்கள். இப்போது அவள் மாதாமாதம் ஆபீஸ் திண்ணையில் வந்து உட்காருகிறாள். பணம் வராமல் லைன் வீட்டைக் காலி செய்ய முடியாது. மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். புதிதாக வந்த கிளார்க் அவளைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்கிறான். அவள் வேலைக்கு வந்தபோது அவன் பிறக்கவே இல்லை. அவளும் திண்ணையில் உட்கார்ந்தபடியே, தன் பெயரை, செக் ரோல் என்னும் வருகைப் பதிவேட்டு நம்பரை, தான் நின்ற காட்டின் நம்பரை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்.

அந்த டீ மேக்கரும் ஓய்வு பெற்றுவிட்டார். பேக்டரிக்கு மேலே உள்ள சரிவில்தான் வீடு. விடியற்காலை டீத்தூளை உலர்த்தும் டிரையர் ஓடும்போது வாசலுக்கு வந்து நிற்பார். கீழிருந்து காற்று ஏறும். மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுப்பார். "சூடு கூடிப்போச்சு, தீயுது" என்பார். அவர் மனைவி, "யார்கிட்டச் சொல்லப் போறீங்க, உள்ள வாங்க" என்பார். அவர் உள்ளே போக மாட்டார். வாசம் சரியாகிற வரைக்கும் அங்கேயே நிற்பார்.

வணக்கம்.